எத்தனை வந்தாக் காணும், ரீச்சர்?

இலங்கையில் புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் தரம் 5 வகுப்பைப் பொறுப்பெடுக்கும் எந்த ஆசிரியருக்கும் ஆண்டின் முதல் பெற்றோர் கூட்டத்திலேயே இந்தக் கேள்வி வந்துவிடும். பிள்ளை எப்படி வாசிக்கிறாள், எந்தக் கணக்கில் தடுமாறுகிறாள், வகுப்பில் வாய் திறக்கிறாளா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். சில அப்பாமார் கொப்பியோடு வருவார்கள். ரியூசனில் வைத்த பேப்பர் ஒவ்வொன்றுக்கும் 200க்குப் பிள்ளை எடுத்த புள்ளி திகதி போட்டு எழுதியிருக்கும். 128, 141, 119, 136. "போன முறை 141 வந்தது, ரீச்சர். பிறகு ஏன் இறங்கினது?"

அந்தக் கொப்பியைப் பார்த்ததும் நான் கேட்பது, பேப்பரை யார் செய்தது என்பதைத்தான். 141 வந்ததும் 119 வந்ததும் ஒரே ஆள் செய்த பேப்பரா? பெரும்பாலும் இல்லை. ஒருவர் லேசாகச் செய்திருப்பார், இன்னொருவர் 'எங்கட பேப்பர் சும்மா பேப்பர் இல்லை' என்று காட்டுவதற்காகவே முறுக்கியிருப்பார். பிள்ளை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பேப்பர்தான் மாறியிருக்கிறது. ஆனால் அந்த 119 வந்த நாளில் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பதை அடுத்த நாள் காலை பிள்ளையின் முகத்தில் பார்க்கலாம்.

சரி, எத்தனை வந்தால் காணும்? நான் சொல்லும் பதில் யாருக்கும் பிடிப்பதில்லை. இப்போது யாருக்குமே தெரியாது என்பேன். பரீட்சைத் திணைக்களத்துக்கும் தெரியாது. வெட்டுப்புள்ளி என்பது பரீட்சைக்கு முன்பே கீறி வைத்த கோடு இல்லை. நாடு முழுவதும் எழுதிய பிள்ளைகளின் புள்ளிகள் வந்த பிறகு, ஒவ்வொரு மாவட்டத்துக்கும் மொழிமூலத்துக்கும் உரிய இடங்களை மேலிருந்து நிரப்பிக்கொண்டு வருவார்கள். இடம் முடிகிற இடத்தில் நிற்கும் பிள்ளையின் புள்ளிதான் வெட்டுப்புள்ளி. வினாத்தாள் கடினமாக வந்தால் அது இறங்கும், லேசாக வந்தால் ஏறும். பக்கத்து மாவட்டத்தில் வேறாக இருக்கும். சிங்கள மொழிமூலத்துக்கு ஒன்று, தமிழ் மொழிமூலத்துக்கு ஒன்று. ஆக, பிள்ளைக்கு 'நீ 150 எடுக்க வேண்டும்' என்று இலக்கு வைப்பவர்கள் இன்னும் இல்லாத ஒரு கோட்டைக் காட்டித்தான் ஓடச் சொல்கிறார்கள்.

இதைப் பெற்றோருக்கு முதலில் விளங்கப்படுத்திவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பது என் எண்ணம். பிள்ளைகளைத் தயார்ப்படுத்த ஊரெல்லாம் ஆட்கள் இருக்கிறார்கள். பேப்பர் கிளாஸ், கருத்தரங்கு, மாதிரி வினாத்தாள் கட்டு, வட்ஸ்அப் குழு, யூடியூப். பெற்றோரைத் தயார்ப்படுத்தத்தான் ஆளில்லை.

அடுத்தது, வெட்டுப்புள்ளி ஒன்றல்ல. மாவட்ட வெட்டுப்புள்ளி உதவிப்பணத்துக்கானது. அதற்கு மேல் புள்ளி எடுத்தாலும் குடும்ப வருமானம் ஒரு வரம்புக்குள் இருந்தால்தான் காசு கிடைக்கும். தரம் 6க்குப் பிரபல பாடசாலைகளில் சேர்வதற்கான வெட்டுப்புள்ளி வேறு. அது பாடசாலைக்குப் பாடசாலை மாறும், பிறகுதான் வெளிவரும். மாவட்ட வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைக்கு வீடு நினைத்த பாடசாலை கிடைக்காமல் போவது சாதாரணமாக நடக்கிற விஷயம். பெறுபேறு வந்த அன்று பிள்ளைக்கு மாலை போட்டுவிட்டு, சில வாரம் கழித்து பாடசாலைப் பட்டியலைப் பார்த்துவிட்டு அதே பிள்ளையைத் திட்டிய வீடுகளும் உண்டு.

எண்ணிக்கையையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வோர் ஆண்டும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இந்தப் பரீட்சைக்குத் தோற்றுகிறார்கள். 2025இல் வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்கள் ஏறத்தாழ ஆறில் ஒருவர். அதே ஆண்டு 200க்கு 70க்கு மேல் எடுத்தவர்களோ நான்கில் மூன்று பேருக்கும் அதிகம். அதாவது ஐந்து வருடத்தில் படிக்க வேண்டியதை ஓரளவாவது படித்திருக்கிறார்கள் என்று காட்டிய பிள்ளைகள் பெரும்பான்மை. அவர்களில் பெரும்பாலானோர் அன்றைக்கு வீட்டில் 'பெயில்' ஆனவர்களாகத்தான் நித்திரைக்குப் போயிருப்பார்கள். முப்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பு என்றால் ஐந்து பேர் தாண்டுவார்கள், இருபத்தைந்து பேர் தாண்டமாட்டார்கள். கூட்டத்தில் இதைச் சொன்னால் ஒவ்வொரு பெற்றோரும் தலையாட்டுவார்கள். தங்கள் பிள்ளை அந்த ஐந்தில் ஒன்று என்று நினைத்துக்கொண்டே ஆட்டுவார்கள்.

இந்தப் பரீட்சை இப்படி ஆவதற்காகத் தொடங்கப்பட்டது இல்லை. 1940களில் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது இலவசக் கல்வி வந்தது. பட்டணத்துக்கு வெளியே மத்திய கல்லூரிகள் எழுந்தன. கிராமத்துச் சின்னப் பள்ளிக்கூடத்தில் படித்த கெட்டிக்காரப் பிள்ளை காசில்லாத காரணத்தால் நின்றுவிடக் கூடாது, விடுதியோடு இருக்கும் நல்ல பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்பதுதான் புலமைப்பரிசிலின் நோக்கம். அந்தக் கதவால் உள்ளே போய் டொக்டராகவும் எஞ்சினியராகவும் ஆசிரியராகவும் வந்தவர்கள் எங்கள் ஊர்களில் நிறையப் பேர். அதனால் இதை ஒரேயடியாகத் தூக்கிவிட வேண்டும் என்று சொல்கிறவர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. ரியூசனுக்குக் காசில்லாத, அம்மா கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்கு இன்றைக்கும் அந்தக் கதவு வேண்டும்.

ஆனால் கதவு தேவையில்லாத பிள்ளையும் அதே வரிசையில் நிற்கிறது. தரம் 1 முதல் 13 வரை உள்ள நல்ல பாடசாலையில் படிக்கும் பிள்ளை, புலமைப்பரிசிலில் 90 எடுத்தாலும் 190 எடுத்தாலும் அடுத்த ஆண்டு அதே பாடசாலையின் தரம் 6இல்தான் இருக்கப் போகிறது. வீட்டு வருமானத்தைப் பார்த்தால் உதவிப்பணமும் வராது. இந்த வீடுகளில் பரீட்சையால் மாறப் போவது என்ன என்று கேட்டுப் பார்த்தேன். நேரான பதில் ஒருநாளும் வந்ததில்லை. "எல்லாரும் எடுக்கினம்தானே, ரீச்சர்." பாடசாலை வாசலில் கட்டும் வாழ்த்துப் பதாகையில் படம் வரவேண்டும், முகநூலில் மாலையோடு போட வேண்டும், அலுவலகத்தில் சொல்ல வேண்டும். பத்து வயதுப் பிள்ளையின் ஒன்றரை வருடம் இதற்காகப் போகிறது. பதாகை கட்டும் பாடசாலைகளுக்கும் இதில் பங்கிருக்கிறது, நான் இல்லை என்று சொல்லவில்லை.

எனவே பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாளைக் கொடுத்து இரண்டு கேள்விக்கு வீட்டில் இருந்து பதில் எழுதிவரச் சொல்லுவேன். இந்தப் பரீட்சையால் உங்கள் பிள்ளைக்கு உண்மையில் என்ன கிடைக்கலாம்? அது கிடைக்காவிட்டால் பிள்ளை தரம் 6க்கு எங்கே போகும்? இரண்டாவதற்குப் பதில் எழுதிய வீட்டில் சத்தம் குறைகிறது என்பதைக் கண்டிருக்கிறேன். போவதற்கு ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, அதன் பெயர் இது, பஸ் இத்தனை மணிக்கு என்று எழுதும்போதே பயம் பாதி இறங்கிவிடும்.

இனி படிப்பு. பகுதி I நுண்ணறிவு சார்ந்தது, 40 வினா, ஒரு மணித்தியாலம். பகுதி II தமிழ், கணிதம், சுற்றாடல், ஆங்கிலம், சிங்களம் என்று பாடங்களைத் தொட்டுப் போகும் 60 வினா, ஒன்றே கால் மணித்தியாலம். ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடம்கூட இல்லை என்று பெரியவர்கள் பதறுவார்கள். பிள்ளைகளுக்கு நேரம் அவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை. வாசிப்புத்தான் பிரச்சினை.

ஓர் உதாரணம். 'வரிசையில் கவின் முன்னாலிருந்து 7ஆவது, பின்னாலிருந்து 9ஆவது. வரிசையில் எத்தனை பேர்?' முதல் முறை கொடுத்தால் வகுப்பில் பாதிப் பேர் 16 என்று எழுதுவார்கள். இரண்டு தடவையும் கவினை எண்ணிவிட்டார்கள், விடை 15. ரியூசனில் இதற்கு ஒரு வழி சொல்லிக் கொடுப்பார்கள்: இரண்டையும் கூட்டி ஒன்றைக் கழி. பிள்ளை கொப்பியில் பெட்டி போட்டு எழுதிக்கொள்ளும். அடுத்த கிழமை நான் கேள்வியைக் கொஞ்சம் மாற்றுவேன். 'கவின் முன்னாலிருந்து 7ஆவது. அவனுக்குப் பின்னால் 3 பேர். அவர்களுக்கு அடுத்தது நிலா. நிலா பின்னாலிருந்து 9ஆவது. எத்தனை பேர்?' பெட்டி போட்டு எழுதியவர்கள் 7ஐயும் 9ஐயும் கூட்டி ஒன்றைக் கழித்து 15 என்பார்கள். கொஞ்சம் யோசித்தவர்கள் மூன்றையும் கூட்டி ஒன்றைக் கழித்து 18 என்பார்கள். இங்கே இரண்டு முறை எண்ணப்பட்டவர் யாரும் இல்லை. விடை 19.

நான் இதற்குப் பேப்பரைத் தொடுவதில்லை. மேசை வாங்கைத் தள்ளிவிட்டு வகுப்பை வரிசையாக நிற்க வைப்பேன். ஒரு பெடியனைக் கவின் என்று சொல்லி, முன்னாலிருந்து ஒருத்தியை எண்ணச் சொல்லுவேன், பின்னாலிருந்து இன்னொருத்தியை. இரண்டு பேரும் அவன் தலையைத் தொட்டு எண்ணுவார்கள். "ரீச்சர், என்னை ரெண்டு தரம் தொட்டவை!" என்று அவனே கத்துவான். அந்த ஒரு கத்தலுக்குப் பிறகு கேள்வியை எப்படி முறுக்கினாலும் அந்த வகுப்பு படம் கீறிப் பார்த்துத்தான் விடை சொல்லும். அரைமணித்தியாலம் போகும். அந்த நேரத்தில் ரியூசனில் ஒரு முழுப் பேப்பரில் பாதி செய்திருப்பார்கள் என்று பெற்றோர் கணக்குப் பார்ப்பார்கள் என்பதும் தெரியும்.

கடந்தகால வினாத்தாள் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அது வேண்டும். எழுதிப் பார்க்காமல் எதுவும் மனதில் நிற்காது. நான் பார்க்கும் கோளாறு அதன் பிறகு நடப்பது. பேப்பர் முடிந்ததும் புள்ளி போடுகிறார்கள், கொப்பியில் பதிகிறார்கள், அடுத்த பேப்பரை எடுக்கிறார்கள். பிழைத்த வினாக்களுக்குத் திரும்பிப் போவதற்கு நேரமில்லை. பகுதி II பேப்பர் ஒன்று செய்துவிட்டு, பிழைத்த பத்து வினாவை மட்டும் இரண்டு நாள் கழித்துப் புதிதாகச் செய்யக் கொடுத்துப் பாருங்கள். அதில் நாலு திரும்பவும் பிழைக்கும். அந்த நாலில்தான் உங்கள் பிள்ளைக்கு உதவி வேண்டும். மற்ற 56ஐயும் திரும்பத் திரும்பச் செய்வது பிள்ளைக்கும் அலுப்பு, அச்சடித்தவருக்கு மட்டும் இலாபம்.

வாசிப்பைச் சொன்னேன். தரம் 5இல் தமிழை இன்னமும் எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மாதிரி வினாத்தாள் கொடுப்பது வீண்வேலை. கேள்வி விளங்குவதற்கே ஒரு நிமிடம் போய்விட்டால் விடைக்கு எங்கே நேரம்? பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தாலும் சரி, அந்தப் பிள்ளைக்கு நான் கொடுப்பது கதைப் புத்தகம். வீட்டில் அம்மாவுக்கோ அம்மம்மாவுக்கோ சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். இதில் கோபப்படும் பெற்றோர் உண்டு. "மற்றப் பிள்ளையள் பேப்பர் செய்யேக்க இவன் கதை வாசிக்கிறதோ?" ஓம், வாசிக்கத்தான் வேண்டும். சாதாரண தரப் பரீட்சை (ஓ.எல்.) வரைக்கும் அவனுக்கு உதவப் போவது அதுதான்.

நித்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணித்தியால நித்திரை வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் அளவு. இப்போது ஒரு தரம் 5 பிள்ளையின் நாளை எண்ணுங்கள். விடிய நாலரைக்கு எழுப்புகிறார்கள், அந்த நேரத்தில் படித்தால் மனதில் நிற்குமாம். ஒன்றரை மணி வரை பாடசாலை. சோற்றைச் சாப்பிட்டுவிட்டு உடனே வகுப்பு, ஆறு மணி வரை. பிறகு வீட்டுவேலை, பத்து மணி. ஆறரை மணித்தியாலம் மிஞ்சுகிறது. மறுநாள் பகுதி I போன்ற ஒன்றை அந்தப் பிள்ளைக்கு முன்னால் வைத்தால் 25ஆவது வினாவுக்கு மேல் கண் எழுத்தில் ஓடும், மூளைக்கு ஒன்றும் ஏறாது. கவனயீனம் என்று எழுதி அனுப்புகிறோம். அது கவனயீனம் இல்லை, நித்திரை.

திகதி விஷயத்திலும் மனதைத் தயாராக வைத்திருக்க வேண்டும். இந்தப் பரீட்சை நாட்டோடு சேர்ந்து ஆடும். 2020இல் கொரோனாவுக்கு நடுவில் ஒக்டோபர் 11இல் நடந்தது. 2021இல் தரம் 5இல் இருந்தவர்கள் 2022 ஜனவரி 22இல்தான் எழுதினார்கள். அதே 2022 டிசம்பர் 18இல் அடுத்த தொகுதி எழுதியது. பிறகு 2023 ஒக்டோபர், 2024 செப்ரெம்பர், 2025 ஓகஸ்ட் என்று மெல்ல மெல்லப் பழைய மாதத்துக்குத் திரும்பியது. தள்ளிப்போன ஒவ்வொரு முறையும் பெரியவர்கள் 'இன்னும் நேரம் கிடைத்தது' என்று பேப்பர் கட்டைக் கூட்டினார்கள். பிள்ளைகளுக்கு அது முடியாத ஓட்டம்.

2024இல் நடந்தது அதைவிட மோசம். செப்ரெம்பர் 15இல் பரீட்சை நடந்தது. பகுதி I இன் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியாகியிருந்தன என்று தெரிய வந்தது. திரும்பவும் வைக்க வேண்டும் என்றனர் சில பெற்றோர், வேண்டாம் என்றனர் வேறு சிலர். விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. டிசம்பர் 31இல் அந்த மூன்று வினாக்களுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுப் புள்ளி கொடுக்கும்படி தீர்ப்பு வந்தது. பெறுபேறு 2025 ஜனவரியில். அதுவரை, திரும்ப எழுத வேண்டி வருமோ என்று பத்து வயதுப் பிள்ளைகள் மாதக் கணக்கில் இருந்தார்கள். வெளியான வினாவைப் பார்த்த பிள்ளை எது, பார்க்காத பிள்ளை எது என்று வீட்டுக்கு வீடு விசாரணை நடந்ததுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

பரீட்சை நாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சில நாட்களுக்கு முன்பே கருத்தரங்கு, மேலதிக வகுப்பு, மாதிரி வினாத்தாள் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி திணைக்களம் தடை போடும். தயவுசெய்து அதை மதியுங்கள், வீட்டுக்குள் இரகசிய வகுப்பு நடத்த வேண்டாம். அண்மைய ஆண்டுகளில் பகுதி IIதான் முதலில் வருகிறது, ஒன்பதரைக்கு. அரை மணித்தியால இடைவேளைக்குப் பிறகு பகுதி I. இந்த ஒழுங்கில் ஓரிரு தடவை எழுதிப் பழக்கிவிட்டால் 'முதல் வந்தது வேற பேப்பர்' என்று பிள்ளை திகைக்காது. சுட்டெண் உடையின் இடது பக்கத்தில் குத்தியிருக்க வேண்டும். விடை வினாத்தாளிலேயே எழுதுவதுதான். இடைவேளையில் மதிலுக்கு வெளியே நின்று "அந்த 23ஆவதுக்கு என்ன போட்டனி?" என்று கேட்காதீர்கள். பகுதி II போய்விட்டது, பகுதி I இன்னும் இருக்கிறது. தண்ணியும் ஒரு பிஸ்கட்டும் காணும்.

பெறுபேறு வரும் பொழுதுதான் உண்மையான பரீட்சை, அதுவும் பெற்றோருக்கு. யாரோ ஒருவர் வைபர் குழுவில் "வந்திட்டுது" என்று போடுவார். இணையத்தளம் திறக்காது. ஆளுக்கொரு போனில் சுட்டெண்ணை அடித்துக்கொண்டு இருப்பார்கள். பிள்ளை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பெரியவர்களின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கும். திரையைப் பிறகுதான் பார்க்கும். அந்த முகம் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பரீட்சைக்கு முன்பே அம்மாவும் அப்பாவும் பேசி முடிவெடுத்திருக்க வேண்டும் என்று கூட்டத்தில் வற்புறுத்துவேன். என்ன சொல்வது, யார் முதலில் சொல்வது, அன்று இரவு என்ன சாப்பாடு. கடையில் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தால் எந்தப் புள்ளிக்கும் வாங்கித் தர வேண்டும். சைக்கிள் வாக்குக் கொடுத்தவர்களுக்கும் இதே நிபந்தனைதான். மாமா, பெரியம்மா, வெளிநாட்டுச் சித்தப்பா போன் எடுப்பார்கள். "எத்தனை எடுத்தவள்?" என்று பிள்ளையிடம் நேராகக் கேட்பார்கள். அந்தப் போனை எடுக்கும் வேலை அப்பாவுடையது. பிள்ளையின் கையில் கொடுக்கக் கூடாது.

குறைவாக வந்துவிட்டது, எங்கோ பிழை என்று உறுதியாகத் தோன்றினால் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம். செய்வதானால் பிள்ளைக்குத் தெரியாமல் செய்யுங்கள். இன்னும் ஒரு மாதம் அது எதிர்பார்ப்போடு இருக்கத் தேவையில்லை.

தாண்டிய பிள்ளைகளின் பெற்றோரிடம் வேறொரு பேச்சு இருக்கிறது. தூரத்துப் பாடசாலையில் இடம் கிடைத்தால் போகத்தான் வேண்டுமா? விடுதி என்றால் பதினொரு வயதில் தனியாக உடுப்புத் துவைத்து, தனியாக நோய்ப்பட்டு, தனியாக அழ வேண்டும். சில பிள்ளைகள் அதில் நன்றாக வருவார்கள். சிலர் தரம் 7இல் திரும்பி வந்து எங்கள் பாடசாலையிலேயே சேர்ந்திருக்கிறார்கள், அதிலும் பிழையில்லை. விடுதி இல்லை, தினமும் பஸ் என்றால் காலை எத்தனை மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும் என்று ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்பேன், அதுவும் பாடசாலை நாளில், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு. ஓர் அம்மா அப்படிப் போய்வந்து சொன்னார்: "பஸ்ஸில நிக்க இடமில்லை, ரீச்சர். ஆனா பிள்ளைக்கு அந்தப் பள்ளிக்கூடத்து நூலகத்தைக் கண்டதும் வேற ஒண்டும் தெரியேல்லை." அவர்கள் போவது என்று முடிவெடுத்தார்கள். அதே வாரம் இன்னொரு குடும்பம் போய்ப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று விண்ணப்பத்தையே திருப்பி எடுத்துக்கொண்டது.